அப்பாவின் நினைவாக வலி நிவாரண மையத்துக்கு நிதி: திரட்டுவது எப்படி, கவனிக்க வேண்டியவை என்ன?

ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் அப்பா ஊரில் இறந்துவிட்டால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். லைனில் கூட நிற்பவர்கள் ஆளுக்கு நூறு, இருநூறு என்று போடுவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஜிபே நம்பர் வரும். மாலைக்கு, வேன் வாடகைக்கு, பதினாறாம் நாள் காரியத்துக்கு என்று ஒரு தொகை கைக்கு வந்து சேரும்.

காரியம் முடிந்து ஷிஃப்ட்டுக்குத் திரும்பியவர்கள் பலருக்கு மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். "கடைசி ஒரு மாசம் வலியில ரொம்ப கஷ்டப்பட்டாரே" என்பதுதான் அது. அப்படிப்பட்ட வலியைக் குறைக்கும் ஓர் இடத்துக்கு, முதல் வருஷ திதியன்று நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது?

ஹாஸ்பிஸ் என்றால் என்ன?

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையில் இருப்பவருக்கு வலி, மூச்சுத்திணறல், புண் போன்றவற்றைத் தணித்து, குடும்பத்துக்கும் துணையாக நிற்கும் இடம்தான் ஹாஸ்பிஸ். 'சாகப்போறவங்களைக் கொண்டுபோய் விடுற இடம்' என்பது தவறான எண்ணம். வலி கட்டுக்குள் வந்ததும் வீட்டுக்குத் திரும்புபவர்களும் உண்டு. பல அமைப்புகள் செவிலியரை வீட்டுக்கே அனுப்புகின்றன.

சென்னை மாத்தூரில் புற்றுநோயாளிகளுக்காக இயங்கும் 'ஜீவோதயா' 1990-இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை. நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் நன்கொடையை நம்பித்தான் நடக்கின்றன.

ஒருவர் நினைவாகத் திரட்டுவது புதிய வழக்கமா?

இல்லை. புற்றுநோயால் தங்கையைப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த இழப்பை அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்தத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. முதலமைச்சராக இருந்த அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் காலமானார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், அதே ஆண்டு அவர் நினைவாகத் தொடங்கப்பட்டதுதான் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை.

நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தொடக்கமும் ஒரு நினைவுத் தொகைதான். 1948-இல் லண்டனில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி புற்றுநோயால் இறந்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸ் அமைக்க விரும்பிய இல்லத்தில் தானும் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று 500 பவுண்டு விட்டுச்சென்றார். 19 ஆண்டுகள் கழித்து, 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. ஜன்னலும் வைக்கப்பட்டது.

பணம் எதற்குச் செலவாகிறது?

கட்டடம் கட்டக் கொடுப்பவர்கள் கிடைத்துவிடுவார்கள். கல்வெட்டில் பெயர் வருமே! மாதாமாதம் வரும் செலவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. செவிலியர் சம்பளம், வீடு வீடாகப் போகும் வண்டிக்கு டீசல், புண்ணுக்குக் கட்டுப்போடும் துணி, டயப்பர், சாப்பாடு ஆகியவைதான் பெரிய செலவுகள். கடும் வலிக்குத் தரப்படும் மார்பின் மாத்திரை விலை குறைந்ததுதான். அதை மருத்துவமனைகள் வாங்கி வைப்பதில் இருந்த உரிமச் சிக்கலைக் குறைக்க 2014-இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. ஆனாலும் அதை அளந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

அதனால் ஒரே தடவை பெரிய தொகை தருவதைவிட, சிறிய தொகையை மாதந்தோறும் தருவது இவர்களுக்கு அதிகம் உதவும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியதற்கு, உள்ளூர் மக்கள் கொடுத்த சில்லறைக் காசு ஒரு முக்கியக் காரணம்.

கணக்குக்கு ஒன்று: ஒரு லைனில் 40 பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 48,000 ரூபாய்.

வரிச்சலுகை கிடைக்குமா?

'80ஜி' பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுத்தால், பொதுவாகக் கொடுத்த தொகையில் பாதியை, வரம்புக்கு உட்பட்டு, வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒருவர் எல்லோரிடமும் வசூல் செய்து தன் பெயரில் கட்டினால் ரசீதும் அவர் பெயரில்தான் வரும். அவரவரே அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவதுதான் சரி. 'இன்னார் நினைவாக' என்று குறிப்பிடச் சொல்லலாம். "காசு என்ன ஆச்சு?" என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

கொடுப்பதற்கு முன் 12ஏ, 80ஜி பதிவு எண்களையும் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனத்திலோ வெளிநாட்டவரிடமோ பணம் கேட்பதாக இருந்தால், அந்த அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கட்டாயம்.

கம்பெனியைக் கேட்கலாமா?

கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து மதிப்பு, விற்றுமுதல் அல்லது லாபம் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மருத்துவ சேவையும் அதில் அடங்கும். பணம் பெறும் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் திட்டத்தை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஊழியர்கள் ஏற்கெனவே கொடுத்து வரும் மையத்தின் விவரங்களோடு எச்.ஆர். அலுவலகத்துக்குப் போனால் கோரிக்கைக்கு வலு கூடும்.

எதை மறக்கக் கூடாது?

கான்ட்ராக்ட் தொழிலாளி, டிரெய்னி ஆகியோரிடம் 'எல்லாரும் போடுறாங்க, நீயும் போடு' என்று நிற்பது தர்மம் ஆகாது. யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியலைக் குரூப்பில் போட வேண்டாம். நோயாளிகளின் படங்களை எடுத்துப் பரப்பவும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் லைனிலேயே ஒருவரின் அம்மா இப்போது படுக்கையில் இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. கட்டணம் இல்லை. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும். இறந்தவரின் நினைவாகக் கொடுப்பது நல்லது. அதோடு, இருப்பவரின் வலிக்கு வழி இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.