நாற்பது கம்பிகளின் இழுபறி

சைக்கிள் கடையில் புதுப் போக்ஸ் கம்பி ஒன்றை வாங்கி, தரையில் நட்டமாக நிறுத்தி, உச்சியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய ஓர் அடி நீளம். இரண்டு கிலோ பாரத்துக்கே வில்லாக வளைந்துவிடும். அப்படிப்பட்ட கம்பிகளில் நாற்பதைக் கோர்த்த பின்சக்கரத்தை நம்பித்தான் ஊர் ஊருக்குப் பால்காரர்கள் கேரியரின் இருபக்கமும் இருபது லிட்டர் கேன்களைத் தொங்கவிட்டு மிதித்தார்கள். பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பாலே நாற்பது கிலோவைத் தாண்டும். ஆளையும் சேர்த்தால் நூறு. இரண்டு கிலோ தாங்காத கம்பி இதை எப்படித் தாங்குகிறது?

அதே ஊரில் ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் தேரின் சக்கரத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முன்பு கனத்த மரச் சக்கரங்கள், இப்போது இரும்பு. பாரம் மேலிருந்து அமுக்குகிறது, சக்கரம் கெட்டியாக நின்று தாங்குகிறது. மாட்டுவண்டிச் சக்கரம் கொஞ்சம் சூட்சுமமானது. குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள் வட்டையில் முட்டி நிற்கும். அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், பட்டா சுருங்கி மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடிக்கும். வெளிவளையம் இழுபட்டு நிற்கிறது, உள்ளே கால்கள் அமுங்கி நிற்கின்றன. சைக்கிள் சக்கரம் இதை அப்படியே தலைகீழாக்கியது. இங்கே கம்பிகள் இழுபடுகின்றன, ரிம் அமுங்குகிறது. நெட்டுக்குத்தாக அழுத்தினால் வளைந்துபோகிற அதே கம்பியில் 150 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டாலும் அறுந்துபோகாது.

1808-இல் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் இந்த யோசனையைக் குறித்து வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது சைக்கிள் அல்ல, பறக்கும் இயந்திரம். அதற்கு எடையில்லாத சக்கரம் தேவைப்பட்டது. 1869-இல் பாரிசில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1874-இல் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை ஹப்பிலிருந்து நேராக விடாமல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சாய்வாகக் கோர்த்தார். மிதிக்கும்போது செயின் ஹப்பைத் திருகுகிறது அல்லவா? நேர்க்கம்பிகள் அந்தத் திருகலுக்கு வளைந்து கொடுத்துவிடும். சாய்ந்த கம்பிகள் ரிம்மைக் கையோடு இழுத்துக்கொண்டு போகும். லண்டன் ஐ எனும் ராட்சத ராட்டினம் நிற்பதும் இதே இழுவிசையில்தான்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஹப் மேல்கம்பிகளில் தொங்குகிறது, ஆகவே ஏறி உட்கார்ந்ததும் மேல்கம்பிகள் இன்னும் இறுகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. ஜாப்ஸ்ட் பிரான்ட் என்ற பொறியாளர் 1981-இல் வெளிவந்த தம் சைக்கிள் சக்கரப் புத்தகத்தில் இதைக் கணினியில் கணக்கிட்டே காட்டினார். மேல்கம்பிகளின் இறுக்கம் அநேகமாக மாறுவதே இல்லை. தரைக்கு நேர் மேலே இருக்கும் நாலைந்து கம்பிகள் மட்டும் தளர்கின்றன.

தளர்கிற கம்பி எப்படிப் பாரம் தாங்கும்? ஆளே ஏறாத சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஹப்பைத் தன் பக்கம் 80 கிலோ விசையில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாத் திசையிலும் இழுப்பு சமம். ஹப் நடுவில் நிற்கிறது. பின்சக்கரத்தில் 60 கிலோ பாரம் ஏறியதும் கீழ்க்கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஹப்பைக் கீழே இழுப்பதில் 60 கிலோவைக் குறைத்துக்கொள்கின்றன. மேல்கம்பிகளின் இழுப்பு பழையபடியே இருப்பதால் மேல்நோக்கி 60 கிலோ மிச்சமாகிறது. பாரம் அதில் நிற்கிறது. எனக்குத் தெரிந்து அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் பொருட்களில் இவ்வளவு தந்திரமானது வேறில்லை.

இதற்குள்ள விலையை ரிம் கொடுக்கிறது. நாற்பது கம்பிகளும் தலைக்கு 80 கிலோ இழுத்தால், ரிம்மின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் அங்கே 500 கிலோ அளவுக்கு அமுக்கம் இருக்கும். இடமும் வலமுமாகப் பிடித்திருக்கும் கம்பிகள்தான் அதைக் கோணாமல் வைத்திருக்கின்றன. குழியில் விழுந்தோ, பக்கவாட்டில் மோதியோ ஓரிடத்தில் பிடி விட்டால், அடைபட்டிருந்த அமுக்கம் வெளியேற வழி தேடி ரிம்மை முறுக்கிவிடும். 'வீல் எட்டு விழுந்திருச்சு' என்று தூக்கிக்கொண்டு வருவார்களே, அதுதான். அந்த நிலையில் கம்பி முடுக்கும் சாவியைத் தொடுவதில் பயனில்லை. கம்பிகளைத் தளர்த்தி, சக்கரத்தைத் தரையில் படுக்கப்போட்டு, மேடான இடங்களை மிதித்து முதலில் ரிம்மைத் தட்டைக்குக் கொண்டுவர வேண்டும்.

பிறகுதான் கோட்டம் எடுப்பது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடிக்கிறார் கடைக்காரர். கோணிய இடம் மட்டும் வந்து உரசி வெள்ளைக் கோடு வாங்கிக்கொண்டு போகும். கோடு இடப்பக்கம் விழுந்தால், அந்த இடத்தில் ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை ரிம்மில் பூட்டும் நிப்பிளைக் கால் சுற்று இறுக்க வேண்டும். இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்குக் கம்பி நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். புதுக்கை செய்கிற காரியம், இறுக்குவதை மட்டும் செய்வது. ரிம் நேராகிவிடும், ஆனால் அந்த இடம் ஹப்பை நோக்கி இழுபட்டுப் பள்ளமாகும். பக்கவாட்டில் ஆடாத சக்கரம் மேலும் கீழுமாகக் குதிக்கும்.

கைதேர்ந்தவர் அவ்வப்போது கம்பியை விரலால் சுண்டிப் பார்ப்பார். வீணையின் தந்திபோலத்தான்: இறுக்கம் நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்காகும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

அந்தத் தொளதொளத்த கம்பிதான் முதலில் ஒடியும் என்பது பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பழைய 28 அங்குலச் சக்கரம் சுமார் ஐயாயிரம் தடவை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை கீழே வந்து தளர்ந்து, மேலேறி இறுகுகிறது. 1936-இல் ராஜபாளையம் மில் வந்த நாளிலிருந்து ஷிப்டுக்கு மிதித்தவர்களின் கம்பிகள் இப்படி எத்தனை லட்சம் முறை தளர்ந்து இறுகியிருக்கும்! விறைப்பாக இருக்கும் கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் பிடியை விடாது. தொளதொளத்தது ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து வெட்டி இழுபடுகிறது. ஹப் துளையில் வளைந்து நுழையும் கழுத்தில் உலோகம் களைத்துக் கீறல் விடுகிறது. கேரியர் பாரம் அதிகமான பின்சக்கரத்துக்கு நாற்பது, முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு என்று பழைய சைக்கிள்களில் கணக்கு வைத்ததும் பாரத்தை மேலும் பல கம்பிகளுக்குப் பங்கிடத்தான்.

ரிம் மடிந்து சுருக்கம் விழுந்திருந்தால் கோட்டம் எடுத்துப் பயனில்லை. பழைய ஹப்பை வைத்துக்கொண்டு புது ரிம்மில் கம்பி கோர்க்க வேண்டியதுதான். தலை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாற்றி மாற்றி விட்டு, வால்வு ஓட்டைக்கு மேலே பம்பு நுழைய இடம் விட்டு, எல்லா நிப்பிளையும் ஒரே அளவு முடுக்கி, பிறகு கோட்டம். முடிந்ததும் கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கையில் பிடித்து நெரிப்பார்கள். கழுத்து துளையில் பதிந்து, நிப்பிள் சரியாக உட்காரும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், சக்கரம் மறுபடி லேசாகக் கோணும். மறுபடி சாக்பீஸ். டயர் மாட்டிக் காற்றடித்தால் அந்த அழுத்தமும் ரிம்மை உள்பக்கம் நெருக்கிக் கம்பிகளைச் சற்றே தளர்த்தும். அதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்து ஒரு பிடி கூடுதலாக முடுக்கி விடுவது நல்ல கடைக்காரரின் வழக்கம்.