மழையில்லா அருவி

தென்காசிக்கு அணித்தாய் விளங்குவது குற்றாலம். ஆனி, ஆடித் திங்கள்களில் மலைமேல் மழை பொழிய, அருவிகள் ஆர்ப்பரித்து வீழும். மழை ஓயின் மெலியும். செல்வமும் அத்தகையதே. மூலமின்றிப் பெருகும் வருவாய் உலகில் இல்லை.

கணினி வழியே வழங்கும் ‘கிரிப்டோ’ நாணயத்தின் பெயரால் வஞ்சிப்போர் இவ்வுண்மையை மறைப்பர். 2016ஆம் ஆண்டில் தோன்றிய பிட்கனெக்ட் என்னும் அமைப்பு, திங்கள்தோறும் நூற்றுக்கு நாற்பது வரை ஆதாயம் கிட்டும் என்று ஆசை காட்டியது. உண்மையில், பின்வந்தோர் இட்ட பணமே முன்வந்தோர்க்கு ஆதாயமாக அளிக்கப்பட்டது. கீழே வீழ்ந்த நீரைக் குடத்தில் முகந்து, மேலேறிக் கவிழ்த்து, ‘இதுவே அருவி’ என்பது போன்றதன்றோ இது? முகக்க நீரில்லாதபோது அருவியும் இல்லை. 2018 சனவரியில் அவ்வமைப்பு வீழ்ந்தது. உலகெங்கும் பலர் பொருளிழந்தனர்.

வஞ்சகத்தின் அடையாளங்கள் சில: இழப்பே இல்லை என்னும் உறுதிமொழி, ‘இன்றே பணம் செலுத்துக’ என்னும் அவசரம், ஆள் சேர்த்தால் பரிசு, இட்ட பணத்தை மீட்க மேலும் கட்டணம். இவற்றுள் ஒன்று காணினும் விலகுக. மறைச்சொல்லை எவர்க்கும் உரையற்க. ஏமாற்றப்பட்டோர் நாணி மறைக்காது, 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடுதல் வேண்டும். காலந்தாழ்த்தின் பணம் கைமாறி மறையும்.

நெல் விற்று ஆண்டெல்லாம் சேர்த்த பொருள் ஒரு நொடியில் அழியலாம். ஆதலின், ஆதாயம் எவ்வளவு என்று வினவுமுன், அஃது எங்கிருந்து வருகிறது என்று வினவுதலே அறிவுடைமை.