பின்சக்கரத்துக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும்?

காரின் முன்சக்கரங்கள் சுமக்கும் எடை பெரிதாக மாறுவதில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் எப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. பின்பக்கக் கதை வேறு. ஓட்டுநர் மட்டும் போகும்போது ஒரு எடை. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு சிறுமலை வாழைத்தாரும் ஏறிவிட்டால் இன்னொரு எடை. திங்கட்கிழமை திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் காலியாகப் பறக்கும் அதே கார், ஞாயிற்றுக்கிழமை வீட்டார் அனைவரோடும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறது. “பின்னாடி நல்லா டைட் பண்ணிடுங்க” என்று பட்டறையில் சொல்லிவிட்டு உட்காருபவர், இந்த இரண்டில் எந்தப் பயணத்துக்காகச் சொல்கிறார் என்பதை யாரும் கேட்பதில்லை.

எளிய கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். வண்டியின் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், உடல்பகுதி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒரு செ.மீ. அமுங்க 20 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 200 கிலோ இருந்தால் 10 செ.மீ. அமுங்கும்; ஆட்டம் நொடிக்குச் சுமார் 1.6. ஆட்களும் மூட்டையும் ஏறி 320 கிலோ ஆனால் 16 செ.மீ. அமுங்கும்; ஆட்டம் 1.25-ஆகக் குறையும். உடம்புக்கு இதமான எல்லை 1 முதல் 1.5 வரை. 2-ஐ நெருங்கினால் இடுப்பு பேசத் தொடங்கும்.

முன்பக்கத்தைவிடப் பின்பக்க ஆட்டம் சற்று விரைவாக இருப்பது நல்லது என்பதை 1930-களில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டறிந்தார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறிய 0.15 நொடி கழித்தே பின்சக்கரம் அதில் ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால், தாமதமாகத் தொடங்கினாலும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி மூக்கும் வாலுமாகத் தூக்கித் தூக்கிப் போடாது. கார் நிறுவனங்கள் இதைக் கணக்கிட்டே ஸ்பிரிங் வைக்கின்றன. அதற்குமேல் சேர்க்கும் விறைப்பெல்லாம் முன்னேற்றம் ஆகிவிடாது.

காயில் ஸ்பிரிங்கில் ஒரு பொறி உண்டு. அதன் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும். கண்ணுக்குப் பழையதும் புதியதும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மேலே சொன்ன காலி வண்டியின் ஆட்டம் 1.6-லிருந்து 1.9-க்குப் போய்விடும். உதிரிபாகக் கடைகளில் ‘பஃபர்’ என்று விற்கும் ரப்பர் வளையமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அதைச் செருகினால் வண்டி உயரும், அடி தட்டாது. கூடவே ஒரு சுற்று வேலை செய்யாமல் பூட்டிக்கொள்கிறது. ஆறு சுற்று ஐந்தானால் விறைப்பு 20 சதவீதம் கூடும். மீதிச் சுற்றுகளுக்கு உழைப்பும் கூடும். அவசரத்துக்கு ஆகும், மேம்பாடு என்று அதைச் சொல்ல முடியாது.

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு ஷாக் அப்சார்பரை அப்படியே விடுவது அடுத்த தவறு. ஸ்பிரிங் குலுக்கலை வாங்கி வைத்துக்கொள்ளும். அதைத் தீர்ப்பது ஷாக்குக்குள் சிறு துளைகள் வழியே பிதுங்கும் எண்ணெய். ஸ்பிரிங் 46 சதவீதம் விறைத்தால், பழைய ஷாக்கின் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 17 சதவீதம் குறைகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். பல வண்டிகளில் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. ஷாக் செத்திருப்பதுதான் கோளாறு. டிக்கி மூலையை உடல் எடையால் அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலோ அதன் காலம் முடிந்தது. ரப்பர் புஷ்களையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. அவை நைந்திருந்தால், எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் பின்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டேதான் வரும்.

காயிலுக்குப் பதில் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டிகளின் கணக்கு தனி. 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசடரின் பின்பக்கம் பட்டையில்தான் நின்றது. இன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் சுமக்கும் டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் ஆகியவற்றிலும் பட்டைதான். ஒரே தடிமனுள்ள ஐந்து பட்டையோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். பட்டையின் தடிமனையே பத்து சதவீதம் கூட்டினால் 33 சதவீதம் கூடும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி குதிரைபோலத் துள்ளுவதற்கு இந்தக் கூடுதல் விறைப்பே காரணம். துருவேறிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டால் சின்னக் குழிகளுக்குப் பட்டை அசையவே அசையாது. முழு அடியும் மேலே வரும். ஹெல்பர் பட்டை இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. காலியாக இருக்கும்போது அது எதையும் தொடாது. பாரம் ஏறி அச்சு நெருங்கியதும் தோள் கொடுக்கும். காயில் வண்டிகளில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பையும் அப்படித்தான்: லோடு இருந்தால் காற்றைக் கூட்டலாம், இறங்கியதும் குறைக்கலாம். பாரம் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு இவைதாம் உண்மையான மேம்பாடு.

வளைவில் இன்னொரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் அதிகம் விறைத்தால், திரும்பும்போது பின்னால் வெளிப்பக்க டயர் அளவுக்குமேல் பாரம் வாங்கும். இரண்டு பின்டயர்களும் சேர்ந்து தரும் பிடிப்பு குறையும். பந்தயத் தடத்தில் கார் சட்டென்று திரும்ப இதையே வேண்டுமென்று செய்வார்கள். ஐப்பசி மழையில் நனைந்த சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் அதே குணம் வாலை வெளியே வீசிவிடும். மறுபுறம், பின்பக்கம் தொய்ந்த காரில் முகப்பு விளக்கு வானம் பார்க்கும். இருவழிச் சாலையில் எதிரே வருபவருக்குக் கண் கூசுவது பல நேரம் இதனால்தான்.

ஆகவே வேலையின் வரிசை இதுதான்: டயர் காற்று, புஷ், ஷாக், அதன்பிறகும் பாரத்தில் தொய்ந்தால் நிறுவன அளவிலேயே புது ஸ்பிரிங், அதுவும் போதாவிட்டால் மட்டும் ஹெல்பர் பட்டை அல்லது காற்றுப்பை. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டையும் முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எத்தனை பட்டை சேர்த்தாலும் அந்தச் சான்றில் எழுதியிருக்கும் அனுமதி எடை ஒரு கிலோகூட ஏறாது.