ஆறு பெட்டிகள், மூன்று வயர்கள்

மட்டாஞ்சேரி, கொச்சியின் பழைய பகுதி. கடைவீதியில் நடந்தால் மிளகும் சுக்கும் மணக்கும். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் காதில் விழும். இந்த ஊர்க்காரர்களுக்குப் பாட்டு என்றால் உயிர். மெஹபூப் என்ற பாடகர் கொச்சியில் வாழ்ந்தவர். நண்பர்கள் கூடும் இடங்களில் உட்கார்ந்து பாடுவார். சினிமாவிலும் பாடினார். 1954ஆம் ஆண்டு வந்த 'நீலக்குயில்' என்ற மலையாளப் படத்தில் அவர் பாடிய பாட்டு உண்டு. 1981ஆம் ஆண்டு அவர் காலமானார். அவர் பாட்டை விரும்பிக் கேட்பவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, மகன். அப்பாவுக்குப் பழைய பாட்டுகள் பிடிக்கும். மகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான். கூடவே ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கினான். சிறியவை ஐந்து, பெரியது ஒன்று. எல்லாவற்றையும் மாட்டினான். முன்னால் இருந்த இரண்டு பெட்டிகள் பாடின. மற்றவை வாயே திறக்கவில்லை.

"என்னடா, பின்னால இருக்கறதெல்லாம் ஊமையா?" என்று அப்பா கேட்டார்.

"கடையில கேட்டேன்பா. சவுண்ட் கார்டு போயிருக்குமாம். புதுசு போடணும்னு சொல்றாங்க."

புதிது போட வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். பல வீடுகளில் கார்டு நன்றாகவே இருக்கும். வயர் துளை மாறியிருக்கும். அல்லது கம்ப்யூட்டருக்கு விஷயம் தெரிந்திருக்காது.

சவுண்ட் கார்டு என்பது என்ன? கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை ஒலிக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் பகுதிதான் சவுண்ட் கார்டு. சில கம்ப்யூட்டர்களில் இது தனி அட்டையாக இருக்கும். பலவற்றில் முக்கியப் பலகையிலேயே சேர்ந்திருக்கும். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் சிறிய வட்டத் துளைகள் வரிசையாகத் தெரியும். ஒலி அங்கேதான் வெளியே வருகிறது.

சரி, ஆறு பெட்டிகள் எதற்கு? சினிமா தியேட்டரை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் நம்மைச் சுற்றிலும் பெய்கிறது. துப்பாக்கி வெடித்தால் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. கமல்ஹாசன் நடித்த 'குருதிப்புனல்' 1995ஆம் ஆண்டு டால்பி ஒலி முறையில் வந்தது. மோகன்லால் நடித்த 'காலாபானி' 1996ஆம் ஆண்டு வந்தது. அது தமிழில் 'சிறைச்சாலை' என்று வெளியானது. அதிலும் இந்த முறை உண்டு. தியேட்டரில் கேட்பதை வீட்டிலும் கேட்பதற்குத்தான் இந்த ஆறு பெட்டிகள்.

முன்னால் இடம், வலம் இரண்டு. நடுவில் ஒன்று. படத்தில் பேசுகிறவர்கள் குரல் பெரும்பாலும் நடுப்பெட்டியில் வரும். பின்னால் இடம், வலம் இரண்டு. ஆக ஐந்து. ஆறாவது பெரிய பெட்டி. அது இடி, முரசு போன்ற கனத்த ஓசைக்கு மட்டும். அதனால்தான் இதை 'ஐந்து புள்ளி ஒன்று' என்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் இந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குகிறோம். வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்னால் எத்தனை துளை என்று பார்த்துவிட்டா கடைக்குப் போகிறோம்?

பெட்டிகள் ஆறு. ஆனால் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்கள் மூன்றுதான். இது எப்படி? பிளக்கின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத்தில் இரண்டு வளையங்கள் தெரியும். அந்த வளையங்கள் உலோகத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனியில் இடப்பக்க ஒலி. நடுவில் வலப்பக்க ஒலி. அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. ஒரு வயரில் இரண்டு ஒலி. மூன்று வயரில் ஆறு ஒலி.

எந்த வயர் எந்தத் துளைக்கு? இதற்கு நிறம் வைத்திருக்கிறார்கள். இன்டெல், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1990களின் கடைசியில் இந்த நிறப் பழக்கத்தைப் பரப்பின. ஆறு துளை இருக்கும் கம்ப்யூட்டரில் பச்சை முன்பெட்டிகளுக்கு. கறுப்பு பின்பெட்டிகளுக்கு. ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும். இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. சாம்பல் நிறத் துளை பக்கவாட்டுப் பெட்டிகளுக்கு. ஐந்து புள்ளி ஒன்றுக்கு அது வேண்டாம்.

அந்த வீட்டில் சிக்கல் இங்கேதான் இருந்தது. அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டேய், கறுப்பு வயருக்குக் கறுப்புத் துளை எங்கடா?"

"இல்லம்மா. மூணு துளைதான் இருக்கு. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. ஒரு குத்துமதிப்பா செருகினேன்."

மூன்று துளை மட்டும் இருந்தாலும் பல கம்ப்யூட்டர்களில் ஆறு ஒலியும் வரும். நீலத் துளையே பின்பெட்டிகளுக்கு வேலை செய்யும். இளஞ்சிவப்புத் துளையே நடுப்பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும் வேலை செய்யும். ஆனால் அதை நாம் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அது நீலத்தையும் இளஞ்சிவப்பையும் ஒலி உள்ளே வரும் வழி என்றே நினைத்திருக்கும். திரையின் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதன் வழியாக ஒலி அமைப்புக்குள் போக வேண்டும். அங்கே ஸ்பீக்கர் வகையில் 'ஐந்து புள்ளி ஒன்று' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனை செய்யும் பட்டனும் அங்கே இருக்கும். அழுத்தினால் ஒவ்வொரு பெட்டியாக ஒலி எழும்பும். திரையில் முன் இடம் என்று காட்டும்போது பின் வலம் ஒலித்தால் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரே துளைதான் இருக்கும். அதற்கு வெளியே மாட்டும் சிறிய சவுண்ட் கார்டு தனியாகக் கிடைக்கிறது.

மகன் அமைப்பை மாற்றினான். சோதனையில் ஆறும் பேசின. புதிய சினிமா ஒன்றைப் போட்டான். பின்னால் மழை பெய்தது. பிறகு அப்பாவுக்காக நீலக்குயில் பாட்டைப் போட்டான். பின்பெட்டிகள் மறுபடி ஊமை!

இப்போது எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பாட்டு ஒரே ஒலித்தடத்தில் பதிவானது. அதில் முன், பின் என்ற பிரிவே கிடையாது. கம்ப்யூட்டர் அதை முன்பெட்டிகளுக்கு மட்டும் அனுப்புகிறது. எல்லாப் பெட்டிகளிலும் பரப்புகிற வசதி சில கம்ப்யூட்டர்களில் உண்டு. அப்படிச் செய்தாலும் ஒரே பாட்டு நான்கு மூலையிலும் கேட்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் நல்ல கார்டைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. முதலில் எல்லா ஸ்விட்சையும் அணைக்க வேண்டும். சவுண்ட் கார்டிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம். அதைப் பெரிதாக்கும் ஆம்பிளிஃபயர் வழக்கமாகப் பெரிய பெட்டிக்குள் இருக்கும். ஆகவே மூன்று வயர்களும் அந்தப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து சிறிய பெட்டிகளுக்குச் சில செட்டுகளில் சிவப்பு, கறுப்பு என்று இரட்டை வயர் போகும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாறினால் கனத்த ஓசை மெலிந்துபோகும். தோல் உரித்த கம்பி இழைகள் ஒன்றையொன்று தொட்டால் ஆம்பிளிஃபயரே புகைந்துவிடலாம். கார்டைவிட அந்தச் செலவு பெரிது.

வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். கம்ப்யூட்டருக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக் வேண்டும். பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. கொச்சியில் கடல் காற்று வேறு. பிளக் முனைகள் சீக்கிரம் கறுத்துவிடும். கரகரவென்று சத்தம் வந்தால் பிளக்கைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருக்கம். ஒரு வீட்டின் பெரிய பெட்டி அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கலாம். கனத்த ஓசை சுவரைத் தாண்டும். ஒலி மாசு பற்றிய விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம் என்று அவை சொல்கின்றன. அந்த நேரத்தில் பெரிய பெட்டியை அணைத்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்துக் கேட்கலாம்.

துலா மாதத்தில் கேரளத்தில் மாலை நேரத்தில் இடியும் மழையும் வரும். மின்னல் வெட்டும் நேரத்தில் பிளக்கைத் தொடக் கூடாது. வானம் இருட்டும்போதே சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மேசையை நகர்த்தினால் பின்னால் இருக்கும் வயர்களும் கழன்றுவிடும். திரும்ப மாட்டும்போது குழப்பம் வரும். அம்மா நாட்காட்டித் தாளில் மூன்று துண்டு கிழித்தார். 'முன்', 'பின்', 'நடு' என்று எழுதினார். பச்சை வயரில் ஒன்று, கறுப்பு வயரில் ஒன்று, ஆரஞ்சு வயரில் ஒன்று ஒட்டினார்.