காய்ச்சலை மறைக்காதீர்கள், தோழர்களே!

எங்கள் கல்லூரி விடுதியில் ஒரே வாரத்தில் 9 பேர் சளிக்காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். தேர்வு தவறிவிடுமோ என்ற பயத்தில் சிலர் மாத்திரை போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போனார்கள். மாத்திரை சூட்டைத் தணிக்கும். கிருமி பரவுவதைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ள அறைத்தோழருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

விடுதிப் பிரதிநிதிகளான நாங்கள் நோயுற்றவர்களுக்குத் தனி அறை ஒதுக்கினோம், கஞ்சியைக் கதவருகே வைத்தோம், முகக்கவசம் கொடுத்தோம். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மாற்றுத் தேர்வு உண்டு என்று விரிவுரையாளர்கள் அறிவித்த பிறகே பலர் உண்மையைச் சொன்னார்கள்.

காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால் வகுப்புக்குத் திரும்பலாம். தடுப்பூசி பலன் தர ஏறக்குறைய 2 வாரமாகும். ஆகவே, தேர்வுக்கு அட்டவணை போடும்போதே அதற்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.