பயமறியாப் பெண்ணும் ஒரு மூச்சுக் காற்றும்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த பெண் ஒருவர் உண்டு. ஆய்வேடுகளில் அவர் பெயர் எஸ்.எம்., அவ்வளவுதான். அபூர்வமான மரபணுக் கோளாறால் அவர் மூளையின் இரு பக்கமும் அமிக்டலா சிதைந்துபோயிருந்தது. பயத்துக்குப் பொறுப்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் சின்னஞ்சிறு பகுதி அது. வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனால் பாம்பைக் கையில் வாங்கித் தடவிக்கொடுத்தார். பேய் வீட்டுக்குக் கூட்டிப்போனால், பேய் வேடம் போட்டவரின் தலையைக் குத்திப்பார்த்து அவரையே மிரளவைத்தார்.

இப்படிப்பட்டவரை 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். சில நொடிகளில் முகமூடியைக் காட்டிக் கைகளை வீசி, கழற்றச் சொல்லித் துடித்தார். அதே கோளாறு கொண்ட இரட்டைச் சகோதரிகளும் அப்படியே பதறினார்கள். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட ஆரோக்கியமான 12 பேரில் மூவர்தான் பதறினர். 2013இல் இந்த முடிவு வெளியானபோது நரம்பியலாளர்களே புருவம் உயர்த்தினார்கள்.

பாம்பும் பேயும் வெளியே இருந்து வரும் ஆபத்துகள். மூச்சு முட்டுவது உள்ளே இருந்து வருவது. அதற்கான அபாயமணி அமிக்டலாவின் தயவு இல்லாமலே அடிக்கும். பேனிக் அட்டாக் என்ற திடீர் பயத் தாக்கு வந்தவரிடம் “தைரியமா இருக்க வேண்டாமா?” என்று கேட்பது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தாக்கு வந்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு போதவில்லை, உள்ளங்கை வியர்க்கிறது, உயிர் இதோ போய்விடும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தணிகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இசிஜி சரியாக இருக்கிறது. “ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் முறை அந்த இசிஜி கட்டாயம். மாரடைப்பையும் தைராய்டு கோளாறையும் விலக்கியே ஆக வேண்டும். ஆனால் அந்த ‘ஒண்ணுமில்ல’ இருக்கிறதே, அதுதான் பலரை அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன் என்று அலையவிடுகிறது. இந்தக் குழப்பம் புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இதே படபடப்பைக் கண்ட டா கோஸ்டா என்ற மருத்துவர், 1871இல் அதை இதயத்தின் கோளாறாகத்தான் எழுதிவைத்தார்.

நடப்பது இதுதான். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் வேகவேகமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுவதால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. இழுக்க இழுக்க, காற்று போதவில்லை என்ற உணர்வு கூடுகிறது. மரத்த விரலைப் ‘பக்கவாதம்’ என்று மனம் மொழிபெயர்த்ததும் அட்ரினலின் இன்னொரு சுற்று பாய்கிறது. இந்தச் சுழலை 1986இல் தெளிவாக வரைந்துகாட்டியவர் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க்.

சிகிச்சை வேடிக்கையாக இருக்கும். எதைக் கண்டு மிரள்கிறீர்களோ அதையே வரவழைக்கச் சொல்வார் உளவியலாளர். மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் அதன் வழியாக மட்டுமே மூச்சு விடச் சொல்வார். சுழல்நாற்காலியில் சுற்றவைப்பார், நின்ற இடத்தில் ஓடவைப்பார். மூச்சு முட்டும், தலை சுற்றும், உயிர் போகாது. இதைப் பத்துப் பேர் சொல்லிக் கேட்பது வேறு, உடம்பே கண்டுகொள்வது வேறு. ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

தாக்கு வரும்போது மூச்சை ஆழமாக இழுப்பதைவிட, நிதானமாக நீட்டி வெளியே விடுவதுதான் உதவும். சினிமாவில் வருவதுபோல் காகிதப்பைக்குள் மூச்சு விடும் வைத்தியம் வேண்டாம். உண்மையில் வந்திருப்பது இதய, நுரையீரல் கோளாறாக இருந்தால் ஆபத்து. முடிந்தால், இருந்த இடத்திலேயே இருங்கள். பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால், அடுத்து பஸ்ஸே ஏற விடாது.

மருந்துகளும் உண்டு. எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அல்பிரசோலம் போன்றவை உடனே அடக்கும்; ஆனால் நாள்பட எடுத்தால் பழக்கமாகிவிடும், திடீரென நிறுத்தவும் கூடாது. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மனஸ் இலவச எண்ணான 14416ஐ அழைக்கலாம். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.