விலங்கை உருக்கியவர்

1931 ஏப்ரலில் ஸ்பெயினில் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. விக்டோரியா கென்ட் என்னும் பெண் வழக்கறிஞர் சிறைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அன்றைய சிறைகளில் கால்விலங்கு உண்டு; குளிருக்குப் போதிய போர்வை இல்லை; உணவுக்கு ஒதுக்கிய காசு வயிற்றுக்குப் போதாது. கென்ட் விலங்குகளைக் கழற்றச் சொன்னார். கழற்றிய இரும்பை உருக்கி, கொன்செப்சியோன் அரெனாலுக்குச் சிலை வார்க்க ஏற்பாடு செய்தார். 19ஆம் நூற்றாண்டில் கைதிகளுக்காக ஓயாமல் எழுதிய பெண்மணி அரெனால்.

கைதிகளை விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியதைத்தான் பலராலும் பொறுக்க முடியவில்லை. போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டார்கள். அவர் ரொம்பவும் இளகிவிட்டார் என்ற எதிர்ப்பு வலுத்தது. 1932 ஜூனில், 14 மாதங்களில், பதவி விலகினார்.

இன்று அந்த விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 1979ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி, தண்டனையில் கால் பங்கு கழித்து நன்னடத்தையும் உள்ள கைதிக்கு ஆண்டுக்கு 36 நாள் வரை விடுப்பு கிடைக்கலாம். பகலில் வெளியே போய்வர அனுமதி உள்ள திறந்தநிலைக் கைதிக்கு 48 நாள் வரை.

மாட்ரிட்டின் வெந்தாஸ் சிறையின் கதை வேறு. பெண்களுக்கென்றே கென்ட் திட்டமிட்டது அது; 1933இல் திறந்தது. வெளிச்சம் வரும் அறைகள், குளியலறைகள், மொட்டைமாடி, பிள்ளையோடு இருக்கும் தாய்மார்களுக்குத் தனிப் பகுதி. ஏறத்தாழ 500 பேருக்குக் கட்டிய அந்தக் கட்டடத்தில், உள்நாட்டுப் போர் முடிந்த 1939இல், குடியரசை வென்ற தரப்பினர் ஆயிரக்கணக்கான பெண்களை அடைத்தார்கள். ஒருவர் படுக்கும் அறையில் பலர். நடைபாதையிலும் படிக்கட்டிலும் உறங்கினார்கள். அங்கிருந்த 13 இளம்பெண்களை அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று கல்லறைத் தோட்டத்துச் சுவரருகே சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் இளையவர்களுக்கு வயது 18. கென்ட் அப்போது நாட்டைவிட்டு வெளியேறி பாரிஸில் இருந்தார். அந்தச் சுவர்களைத் திட்டமிட்டவருக்கு இதைவிடப் பெரிய துயரம் என்ன இருந்திருக்கும்?

வெந்தாஸை இடித்துவிட்டார்கள்; அங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். பெண்களுக்கென்றே தனிச் சிறை என்ற அவர் எண்ணமும் முழுதாக நிலைக்கவில்லை. இன்று ஸ்பெயினில் அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. பெண் கைதிகள் பெரும்பாலும் ஆண்கள் சிறையின் ஒரு பகுதியில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் மாட்ரிட்டிலேயே, பழைய யெசெரியாஸ் பெண்கள் சிறைக் கட்டடத்தில் ஒரு திறந்தநிலை மையம் நடக்கிறது. அங்குள்ளவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்புகிறார்கள். இரவில் தாங்களே திரும்பி வந்து படுக்கிறார்கள். மையத்தின் பெயர் விக்டோரியா கென்ட்.